எதிரடி

முப்பது பேர் காற்றை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

கோகிலவாணி வேலையில் சேர்ந்த அன்று கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்ததும் கண்ட காட்சி அதுதான். சரவணம்பட்டியில் ஏழாவது மாடி. குளிரூட்டிய, சத்தமில்லாத நீண்ட கூடம். வரிசை வரிசையாக மேசை, கணினி, நாற்காலி. ஒவ்வொரு நாற்காலியிலும் வலது தோள்வரை கறுப்பு உறை மாட்டிய ஓர் ஆள். சிலர் சும்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் கையை ஓங்கி ஓங்கி இறக்கினார்கள். எதிரே ஒன்றுமில்லை. ஆனாலும் இறங்குகிற கை பாதியில் எதன் மீதோ மோதியதுபோல் திடுக்கென்று நின்று அதிர்ந்தது.

"பயந்துட்டீங்களா?" என்று சிரித்தார் மேலாளர் ஜெயசீலன். "கடலுக்கு அந்தப் பக்கம் துறைமுகம், சுரங்கம், கிடங்கு எல்லாத்துலயும் நம்ம மெஷின் காவலுக்கு நிக்குது. இவங்க இங்கேருந்து ஓட்டறாங்க."

"யாரை அடிக்கறாங்க சார்?"

"வேலியைத் தாண்டி வர்றவங்களை. பெரும்பாலும் திருட்டுக் கும்பல்."

"மெஷின் தானா அடிக்காதா?"

"சட்டம் விடாதும்மா. மனுஷன் மேல தடி விழணும்னா இன்னொரு மனுஷனோட கை அந்தத் தடியில இருக்கணும். உலகம் பூரா அப்படித்தான் எழுதி வெச்சிருக்காங்க. அதனாலதான் நமக்குப் பிழைப்பு நடக்குது." அவர் குரலைத் தாழ்த்தினார். "பிரச்சினை என்னன்னா, இவங்க யாரும் ஒரு வருஷம் தாங்க மாட்டேங்கறாங்க. கழுத்து, முதுகு, மணிக்கட்டுன்னு படுத்துடறாங்க. பழக்கிவிட்ட ஆள் போனா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். நீங்கதான் சரி பண்ணணும்."

கோகிலவாணி உடலியக்க மருத்துவம் படித்தவள். அதுவரை ஒரு நூற்பாலையின் மருத்துவ அறையில் பதினோரு ஆண்டுகள் இருந்தாள். தேய்ந்துபோன தோள்களும் வீங்கிய முழங்கால்களுமாக வருவார்கள். மருந்து தடவி, கட்டுப்போட்டு, மறுபடி அதே இயந்திரத்துக்கு முன்னால் அனுப்பிவைப்பாள். இயந்திரத்தை ஓர் அங்குலம் உயர்த்தச் சொன்னால் யாரும் கேட்டதில்லை. இங்கே கேட்டார்கள். நாற்காலியை மாற்றச் சொன்னால் மறுநாளே மாறியது. உழைப்பு உடம்பைத் தின்னக் கூடாது என்பதைத் தவிர அவளுக்குப் பெரிய கொள்கை எதுவும் கிடையாது. அந்த ஒன்றை நிறைவேற்ற ஓர் இடம் கிடைத்துவிட்டது என்று மனதார நம்பினாள்.

முதல் வேலையாக ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். அப்படித்தான் தரணிக்குமாரைத் தெரியவந்தது. அன்னூர்ப் பக்கத்துப் பையன், முப்பதைத் தொடவில்லை. கடைசல் பட்டறையில் இருந்துவிட்டு இங்கே வந்தவன். துறைமுகக் கிடங்கு ஒன்றின் வாசலில் நின்ற இயந்திரம் அவனுடையது. ஓட்டுகிறவர்கள் எல்லாரும் அதைத் 'தடியன்' என்றுதான் சொன்னார்கள். ஆளுயரத்துக்கு மேலே ஒரு முண்டம், சக்கரக் கால்கள், வலது கையில் ரப்பர் சுற்றிய இரும்புத் தடி.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் இரண்டு பேர் கம்பி வேலியை அறுத்துக்கொண்டு உள்ளே புகுந்தார்கள். ஒருவன் கையில் வளைந்த கத்தி. தரணி கையை வீசினான். தடி கத்திக்காரனின் தொடையில் இறங்கியது. 'சத்' என்று ஒரு சத்தம், அதற்கு மேல் ஓர் அலறல், இரண்டும் தரணியின் காதுக் கருவியிலிருந்து அவளுக்கே கேட்டன. அந்த ஆள் காலைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உருண்டான். தரணி பல்லைக் கடித்துக்கொண்டு மணிக்கட்டை உதறினான். கூட வந்தவன் ஓடிவிட்டான்.

"தலைக்குப் போகவே கூடாதுங்க்கா," என்றான் தரணி. "தொடையில போட்டா ஆள் உக்காந்துருவான். சதையில பட்டா கைக்கு ஒரு மாதிரி தெரியும், எலும்புல பட்டா வேற மாதிரி. எலும்புன்னு தெரிஞ்சாப் போதும், நிறுத்திப் போடுவேன்."

"எப்படித் தெரியும்?"

"எதிரடி வருமில்லீங்களா." உறையைக் காட்டினான். "தடியன் போடற அடியில பத்துல ஒரு பங்கு நம்ம கைக்குத் திரும்பி வரும். எவ்வளவு பலமாப் போடறோம்னு நமக்குத் தெரியணும்ல, அதுக்குத்தான். இந்த மணிக்கட்டு ஒரு நாளைக்கு நூறு அடி வாங்குதுங்க. ராத்திரி தட்டுல கை வெச்சாச் சோறு பிசைய முடியறதில்லை."

மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக, உருண்டையாக வீங்கியிருந்தது. அழுத்தியதும் அவன் கண்ணில் நீர் வந்துவிட்டது.

கோகிலவாணி வேலையைத் தொடங்கினாள். நாற்காலிகளைத் தூக்கிப்போட்டுவிட்டு, இடுப்பின் வளைவைத் தாங்குகிற புதிய நாற்காலிகள் வாங்கச் செய்தாள். பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும், பதியாதவர்களுக்குக் கால்பலகை. மேசை முழங்கையின் உயரத்துக்கு. திரை ஒரு கை நீளத் தொலைவில், அதன் மேல்விளிம்பு கண்ணுக்கு நேராக. ஜன்னலைப் பார்த்தும் ஜன்னலுக்கு முதுகு காட்டியும் இருந்த மேசைகளைத் திருப்பி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி போட்டாள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணைத் திரையிலிருந்து எடுத்துத் தொலைவில் பார்க்க வேண்டும், மணிக்கொரு தடவை எழுந்து நிற்க வேண்டும் என்று திட்டமாகச் சொன்னாள். சொன்னதோடு விடாமல் வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டேயிருப்பாள். கூன் விழுந்த முதுகைக் கண்டால் இரண்டு விரலால் தட்டி நிமிர்த்துவாள்.

ஃபர்சானா என்ற பெண் ஒரு சுரங்க வாசலைக் காத்தாள். அவளுக்குத் தீராத தலைவலி.

"கண்ணு கூசுதுக்கா. அங்க வெயிலு, வெள்ளைப் புழுதி. அதுல ரத்தம் பட்டா அந்தச் சிவப்பு அப்படியே கண்ணுல குத்துது. வீட்டுக்குப் போயும் கண்ணை மூடினா அதேதான் தெரியுது."

கோகிலவாணி பொறியாளர்களிடம் சொல்லித் திரையின் நிறங்களைத் தணிக்கச் சொன்னாள். சிவப்பை இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தணித்தார்கள். ரத்தம் சாம்பல் கலந்த பழுப்பாக, கொட்டிய டீயைப்போலத் தெரிந்தது. ஃபர்சானாவின் தலைவலி ஒரு வாரத்தில் போயிற்று. அடுத்து காது. அலறல்கள் திடீரென்று உச்சத்துக்குப் போவது செவிக்குக் கேடு. ஓர் அளவுக்கு மேல் போகாமல் ஒலியை வெட்டினாள். எல்லாக் குரல்களும் பக்கத்து அறையில் யாரோ பேசுவதுபோல ஒரே மட்டத்தில் கேட்டன.

மணிக்கட்டு மட்டும்தான் மிச்சம். என்ன செய்தும் அடங்கவில்லை. கடைசியில் அவள் எழுத்து மூலம் பரிந்துரைத்தாள்: எதிரடியை அடியோடு நிறுத்திவிடுங்கள்.

பொறியாளர் ஒருவர் தயங்கினார். "அது தெரியலைன்னா எவ்வளவு பலமா அடிக்கறோம்னு அவங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"திரையில பாத்துக்கட்டும். ஒரு பட்டை போட்டுக் காட்டுங்க, பச்சை, மஞ்சள்னு," என்றாள் கோகிலவாணி. "அதுக்காக எலும்பு தேயணுமா?"

நிறுத்தினார்கள். ஒரு மாதத்தில் மணிக்கட்டு வலி என்று அவளிடம் யாரும் வரவில்லை. ஆண்டு விழாவில் ஜெயசீலன் அவளை மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்தினார். தரணி கீழே உட்கார்ந்து கை தட்டினான். அவன் முகத்தில் சிரிப்பில்லை என்பதை அவள் கவனித்தாள். களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

துறைமுகத்தில் சுமை தூக்குகிறவர்கள் வேலைநிறுத்தம் செய்தது அதற்குப் பிறகுதான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை கிடங்கின் வாசலில் பெருங்கூட்டமாகக் கூடினார்கள். கல் பறந்தது. கதவு சாய்ந்தது. பன்னிரண்டு தடியன்களும் ஒரே நேரத்தில் இறங்கின. கூடத்தின் இரண்டு வரிசைகளில் எல்லாக் கைகளும் ஏறி இறங்கின. எதிரடி இல்லாததால் இப்போது அவை நடுவில் நிற்கவில்லை, அதிரவில்லை. துணி துவைப்பதுபோல வழுவழுவென்று ஓடின. கூடத்தில் நாற்காலிகளின் மெல்லிய முனகலைத் தவிர வேறு சத்தமில்லை.

கோகிலவாணி வழக்கம்போல வரிசைக்குள் நடந்தாள். தரணியின் வலது தோள் காதோரம் ஏறியிருந்தது. கைப்பிடி உயரம் போதவில்லை. அவன் பக்கத்தில் மண்டியிட்டு, கைப்பிடிக்கு அடியில் இருந்த திருகைத் திருப்பினாள். நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். மங்கலான சாம்பல் நிறத்தில் ஓர் ஆள் தரையில் கிடந்தான். தடியனின் காலைக் கட்டிப்பிடித்திருக்கிறான் என்று தோன்றியது. தடி இறங்கியது. மறுபடி இறங்கியது. அடியின் பலத்தைக் காட்டும் பட்டை பச்சையிலேயே இருந்தது.

"தோளை இறக்குங்க தரணி," என்றாள். "மூச்சு விடுங்க. முழங்கை உடம்பை ஒட்டி இருக்கட்டும்."

தரணி சொன்னபடி செய்தான். தோள் இறங்கியது. அடுத்த வீச்சு லேசாகவும் நேராகவும் போயிற்று.

"அப்படித்தான்," என்று அவன் முதுகில் தட்டிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனாள்.

பத்து நாள் கழித்து ஜெயசீலன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"அன்னைக்கு ஒருத்தன் செத்துட்டான். மத்தியாஸ்னு பேரு. நம்ம தரணியோட மெஷின். விசாரணை ஆணையம் போட்டிருக்காங்க, இங்கேயே கோயம்புத்தூர்ல. நீங்க ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும். இடம் பாதுகாப்பா, வசதியா இருந்துது, தரணிக்கு வலியோ அசதியோ எதுவும் இல்லை. அவ்வளவுதான், அது உண்மைதானே?"

"உண்மைதான் சார். அதுக்கு என்ன இப்ப?"

"உடம்பு நல்லா இருந்து, நிதானமா இருந்து, அப்புறமும் ஒருத்தன் அடிச்சுக்கிட்டே இருந்தான்னா அது அவனோட குணம். கம்பெனி என்ன பண்ணும்?"

அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. தான் அமைத்துக்கொடுத்த நாற்காலியை வைத்தே தரணியைச் சிறைக்கு அனுப்பப்போகிறார்கள்.

"அந்தப் பதிவைப் பாக்கணும் சார். நிறம் தணிக்காம, சத்தம் வெட்டாம."

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. சாட்சி சொல்லப்போகிறவள் பார்த்தாக வேண்டும் என்று அவள் பிடிவாதமாக நின்ற பிறகு, ஒரு சிறு அறையில் அவளைத் தனியே உட்காரவைத்துப் போட்டுக்காட்டினார்கள்.

மத்தியாஸ் கல் எறிந்த கூட்டத்தில் இல்லை. கதவு சாய்ந்தபோது அதன் அடியில் ஒருவன் மாட்டிக்கொண்டான், அவனை வெளியே இழுக்க ஓடிவந்தவன் மத்தியாஸ். முதல் அடி தோளில் விழுந்தது. கீழே விழுந்தான். தடியனின் காலை அவன் பிடித்தது தாக்குவதற்கல்ல, எழுந்துகொள்வதற்கு. இரண்டாவது அடியில் முன்கை ஒடிந்து எதிர்ப்பக்கம் மடங்கியது. அந்தச் சத்தம் பச்சைக் குச்சியை முறிப்பதுபோல இருந்தது. அவன் தன் மொழியில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்தினான். அதன் பொருள் அவளுக்குத் தெரிய வேண்டியிருக்கவில்லை. தடி அவன் விலாவில் இறங்கியது, பிறகு கழுத்தடியில். வெள்ளைச் சட்டையில் சிவப்பு பரவியது. வாயிலிருந்து ரத்தம் கொப்புளித்துக்கொண்டு வந்தது. கத்துவது நின்ற பிறகும் தடி நிற்கவில்லை. உடம்பு அடிக்கு ஏற்பத் துள்ளியது, அவ்வளவுதான்.

அப்போது அந்த ஒலிப்பதிவில், தரணியின் காதுக் கருவி பிடித்திருந்த அவளுடைய சொந்தக் குரல் தெளிவாகக் கேட்டது. தோளை இறக்குங்க தரணி. மூச்சு விடுங்க.

அடுத்த அடி அதுவரை விழுந்தவற்றைவிடச் சுத்தமாக, தலையின் பக்கவாட்டில் விழுந்தது.

கோகிலவாணி பதிவை அதோடு நிறுத்திவிட்டுத் தரணியைத் தேடிப் புறப்பட்டாள்.

தரணியை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருந்தார்கள். கணபதியில் அவன் அக்கா வீட்டுக்காரரின் கடைசல் பட்டறையில் இருந்தான். கோகிலவாணி போனபோது இரும்புத் துகள்களைக் கூட்டிக்கொண்டிருந்தான். மச்சான் வெளியே போயிருந்தார். அவளைப் பார்த்ததும் ஒரு பெட்டியைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னான்.

"என்னமோ விசாரணைங்கறாங்க, என்னன்னு யாரும் சொல்லமாட்டேங்கறாங்க. கிடங்குல சாமான் ஏதாச்சும் போயிருச்சுங்களா?"

அவனுக்குத் தெரியாது என்பதை அவள் எதிர்பார்க்கவில்லை. பெட்டியில் உட்கார்ந்தாள். பிறகு எதையும் மறைக்காமல் சொன்னாள். யார், எதற்காக ஓடிவந்தான், எந்த அடியில் எது உடைந்தது, அவள் குரல் எங்கே வந்தது எல்லாம்.

தரணி துடைப்பத்தைக் கீழே வைத்தான்.

"செத்துட்டானுங்களா?"

"ஆமா தரணி."

"எலும்புல பட்டுச்சுங்களா?"

அவள் தலையசைத்தாள்.

தரணி எழுந்தான். மேசையில் கிடந்த பெரிய ஸ்பேனரை எடுத்தான். மேசையோரம் திருகியிருந்த இரும்புப் பிடிச்சட்டத்தின் மேல் ஓங்கி அடித்தான். பட்டறை முழுக்க மணி அடித்ததுபோல அதிர்ந்தது. நிறுத்தாமல் அடித்தான். ஒவ்வோர் அடிக்கும் அவன் தோள் குலுங்கியது. உள்ளங்கைத் தோல் கிழிந்து ஸ்பேனரின் பிடியில் ரத்தம் வழிந்தது. அவள் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். உதறியபோது அவன் முழங்கை அவள் உதட்டில் பட்டுக் கிழித்தது. அவன் கவனிக்கவில்லை.

"இது வலிக்குதுங்க்கா! பாருங்க, இது வலிக்குது! அன்னைக்கு ஒன்னுமே தெரியலை. தலகாணியை அடிக்கற மாதிரி இருந்துது. அவன் காலைப் பிடிச்சிருக்கான், விடமாட்டேங்கறான்னு நெனச்சுட்டேன்."

ஸ்பேனர் நழுவிக் கீழே விழுந்தது. அவனும் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவள் துப்பட்டாவின் நுனியைக் கிழித்து அவன் கையில் சுற்றினாள். சுற்றிய துணியைப் பார்த்தபடி அவன் பேசினான்.

"உங்ககிட்ட மணிக்கட்டு வலின்னு சொன்னமே, எல்லாரும். வலிச்சுதுதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா மனுசனை அடிக்க முடியலைன்னு சொன்னா வேலையை விட்டு அனுப்பிருவாங்க. வலிக்குதுன்னு சொன்னாத்தான் ஒரு வாரம் லீவு குடுப்பாங்க. நீங்க வந்தப்ப, இந்த வேலை உடம்புக்கு ஆகாதுன்னு எழுதிருவீங்கன்னு நெனச்சோம். நீங்க வலியை நிறுத்திட்டீங்க."

கோகிலவாணி உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம், எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், பழுது பார்க்கும் அறையில் ஃபர்சானாவைக் கூட்டிக்கொண்டு போய் நின்றாள். சோதனைக்கென்று ஓர் உறையும் நாற்காலியும் கால்பலகையும் அங்கே இருந்தன. பழைய பதிவுகளை அந்த உறையில் ஓட்டலாம். தடி உணர்ந்தது அதைப் போட்டிருப்பவர் கைக்கு வரும்.

"அன்னைய பதிவைப் போடு ஃபர்சானா. எதிரடியைத் திறந்து வை."

"பத்துல ஒண்ணுதானேக்கா?"

"முழுசா வை."

"அய்யோ, கை போயிடும்க்கா! வேண்டாம்!"

"தரணி கைக்கு வர வேண்டியதை நான்தான் எடுத்தேன். எடுத்தது என்னன்னு எனக்குத் தெரியாது. தெரியாம அங்க போய் என்னன்னு சாட்சி சொல்றது? போடு."

ஃபர்சானா அழுதுகொண்டே போட்டாள்.

முதல் அடி தோளிலிருந்து முதுகுத்தண்டுவரை இறங்கியது. இரண்டாவதில் விரல்கள் மரத்துப்போயின. மூன்றாவதில் மணிக்கட்டுக்குள் ஏதோ நொறுங்கும் சத்தம் அவளுக்கே கேட்டது. கத்தினாள். உறை கையை இறுகப் பிடித்திருந்தது. அதுவே கையைத் தூக்கியது, அதுவே இறக்கியது. உடைந்த எலும்பு அடுத்த அடியில் உறைக்குள்ளே தோலைக் குத்திக்கொண்டு வெளியே வந்தது. "நிறுத்து, நிறுத்து!" என்று அலறினாள். ஃபர்சானா விசைப் பலகையில் தடுமாறி, முடியாமல், சுவரிலிருந்த மின்கம்பியைப் பிடித்துப் பிடுங்கினாள். உறை தளர்ந்தது. கோகிலவாணி நாற்காலியோடு பக்கவாட்டில் சாய்ந்தாள். உறையின் விளிம்பிலிருந்து ரத்தம் சொட்டி, அவள் தேர்ந்தெடுத்து வாங்கிய கால்பலகையில் விழுந்தது.

பதிவில் இன்னும் பாதி அடிகள் பாக்கி இருந்தன.

அறுவை செய்து கம்பி வைத்தார்கள். வலது கை முழுவதும் மாவுக்கட்டுடன் அவள் ஆணையத்தின் முன்னால் போய் நின்றாள். ஓய்வுபெற்ற பெண் நீதிபதி ஒருவர் விசாரித்தார். சுவரில் பெரிய திரை. அதில் கடலுக்கு அந்தப் பக்கத்து அறை ஒன்று தெரிந்தது. இரண்டு அதிகாரிகள், அவர்களுக்கு நடுவில் கறுப்பு உடை அணிந்த ஒரு பெண். மத்தியாஸின் மனைவி இனேஸ் என்றார்கள். இங்கே ஒரு பெண் அவர்களுடைய பேச்சைத் தமிழில் சொல்ல உட்கார்ந்திருந்தாள். அதற்குள் கைதாகியிருந்த தரணி கடைசி வரிசையில், இரண்டு காவலர்களுக்கு நடுவே.

கோகிலவாணி எல்லாவற்றையும் சொன்னாள். நிறம், சத்தம், எதிரடி மூன்றையும் தான் எடுத்ததைச் சொன்னாள். தோளை இறக்கச் சொன்னதையும் சொன்னாள்.

"தரணி கண்ணுல இருந்தும் காதுல இருந்தும் கையில இருந்தும் அந்த ஆளை நான் எடுத்துட்டேன். இல்லாத ஆளை அவர் எப்படிங்க நிறுத்தி அடிப்பார்? எதிரடி இருந்திருந்தா எலும்புல பட்டதுமே நிறுத்தியிருப்பார்."

நிறுவனத்தின் வழக்கறிஞர் சிதம்பரநாதன் எழுந்தார். மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"உங்க கைக்கு என்னாச்சுங்கம்மா?"

சொன்னாள்.

"ஆக, அந்த எதிரடியால உங்க எலும்பு உடைஞ்சு வெளிய வந்திருக்கு. சரிதானே?"

"முழுசா வெச்சதால. அவங்களுக்கு வந்தது பத்துல ஒரு பங்கு."

"பத்துல ஒரு பங்குலயும் மணிக்கட்டு வீங்குதுன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. அந்தச் சாதனம் உழைக்கிறவங்க உடம்பை உடைக்கக்கூடியதுங்கறதுக்கு உங்க கையைவிட வேற சாட்சி வேணுமா? அதை நிறுத்தச் சொன்னது சரியான முடிவா, தப்பான முடிவா? உடலியக்க மருத்துவரா பதில் சொல்லுங்க."

கோகிலவாணி வாயைத் திறந்தாள். பதினோரு வருஷம் நூற்பாலையில் இருந்தவளுக்கு அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் தெரியும். அதை இங்கே சொல்ல முடியவில்லை, வேறொன்றைச் சொல்லவும் முடியவில்லை.

"பதில் சொல்லலைன்னு எழுதிக்கலாம்," என்று அவர் உட்கார்ந்தார்.

நீதிபதி நல்லவர். அவள் மாவுக்கட்டை உண்மையான வருத்தத்துடன் பார்த்தார். இடைக்கால உத்தரவைத் தாமே வாசித்தார். எதிரடி ஊழியர்களின் உடல்நலத்துக்குப் பெருங்கேடு என்பது கண்கூடாகத் தெரிகிறது. இந்த நிறுவனத்தில் மட்டுமல்ல, இத்தொழில் நடக்கும் எல்லா அலுவலகங்களிலும் அது இருந்தால் உடனே அகற்ற வேண்டும். கோகிலவாணி வகுத்த இருக்கை, திரை, ஒலி ஏற்பாடுகளையே எல்லாரும் பின்பற்ற வேண்டும். தரணிக்குமார் மீதான கொலை வழக்கு தனியாக நடக்கும்.

ஜெயசீலன் முன்வரிசையில் மெல்லத் தலையாட்டினார். பின்வரிசையில் தரணி தன் உள்ளங்கையில் காய்ந்திருந்த பொருக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கோப்புகளை மூடும் நேரத்தில் திரையில் இனேஸ் கையை உயர்த்தினாள். அன்று முழுதும் அவளிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. நீதிபதி பேசலாம் என்று சைகை செய்தார். அவள் தாழ்ந்த குரலில் சற்று நேரம் பேசினாள்.

மொழிபெயர்ப்பவள் கேட்டுவிட்டுத் தொண்டையைச் செருமினாள். "அவங்க சொல்றாங்க, அவங்க வீட்டுக்காரர் மூட்டை தூக்கறவராம். தினம் கை வலிக்கும், அவங்க எண்ணெய் தேய்ச்சு விடுவாங்களாம். அவர் உடம்பைக் குளிப்பாட்டினது அவங்கதானாம். எத்தனை அடின்னு அப்பத் தெரிஞ்சுதாம். அத்தனை அடி அடிச்சிருந்தா அடிச்சவருக்கும் கை ரொம்ப வலிச்சிருக்குமேன்னு கேக்கறாங்க. அவருக்கு வலிச்சுதான்னு தெரிஞ்சுக்கணுமாம்."

சிதம்பரநாதன் பாதி எழுந்தார். நீதிபதி அவரைக் கையமர்த்திவிட்டுக் கோகிலவாணியைப் பார்த்தார்.

கோகிலவாணி திரையைப் பார்த்து நின்றாள். அந்தப் பெண்ணின் முகம் நிறம் தணிக்காமல் தெரிந்தது.

"இல்லீங்க," என்றாள். "அவருக்கு வலிக்கலை. வலிக்காதபடி நான்தான் செஞ்சு வெச்சேன்."

மொழிபெயர்ப்பவள் அதைச் சொன்னாள். இனேஸ் புரியாமல் புருவத்தைச் சுருக்கினாள். காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டு, மேசையின் மேல் முன்னால் சாய்ந்து, அதே கேள்வியை இன்னொரு முறை கேட்டாள்.